வீட்டு மின்கம்பிகளில் பற்றவைப்பும் முனைப்பூச்சும்

1. பொருளும் எல்லையும்

வீட்டு வயரிங்கில் ஈயம் வைக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு எலக்ட்ரீஷியன்களிடையே இரண்டு விடைகள் உலவுகின்றன. முறுக்கிய இணைப்பின் மேல் ஈயம் ஓட்டாவிட்டால் அது அரைகுறை வேலை என்பார்கள் மூத்தவர்கள். சால்டரிங் அயர்னுக்கு வீட்டு வயரிங்கில் இடமே கிடையாது என்பது இளையவர்களின் கட்சி. இரு தரப்பாரும் தாம் கண்ட வேலைகளிலிருந்தே பேசுகிறார்கள். இரு தரப்பும் ஓரளவுக்குச் சரி. கம்பியின் முனை எதற்குள் போய் உட்காரப்போகிறது என்பதைப் பிரித்துக் கேட்காமல் பொதுவாகக் கேட்பதனால்தான் விடைகள் முரண்படுகின்றன. அந்தப் பிரிவினையைச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். தன்னைவிட உயர்ந்த உருகுநிலை கொண்ட இரு உலோகப் பரப்புகளை, அவற்றை உருக்காமல், தான் மட்டும் உருகிப் பரவி இறுகி இணைக்கும் உலோகக்கலவையைப் பற்றாசு என்கிறோம்; கடைகளில் சால்டர் கம்பி என்று கேட்டால் கிடைப்பது இது. பற்றாசால் இணைக்கும் செயல் பற்றவைப்பு. வேறொன்றோடு இணைப்பதற்கு முன்பாகவே ஒரு கம்பியின் முனையில் பற்றாசை ஏற்றி வைப்பது முனைப்பூச்சு. பற்றவைப்பில் இரண்டு பொருள்கள் இருக்கும்; முனைப்பூச்சில் ஒன்றுதான் இருக்கும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் பின்னால் வரும் முடிவுகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

செம்புக் கம்பிகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். அலுமினியத்தின் மேல் நொடிப்பொழுதில் படரும் ஆக்சைடு படலம் 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். சாதாரணப் பற்றாசும் சாதாரண இளக்கியும் அதை ஊடுருவ மாட்டா. ஆகவே பழைய வீடுகளில் இன்னும் ஓடும் அலுமினிய வயர்களுக்கு இங்குக் கூறுவன பொருந்தாது. அளவைப் பொறுத்தவரை விளக்கு, விசிறிக்கான 1 மற்றும் 1.5 ச.மி.மீ., பவர் பாயின்ட்டுக்கான 2.5 மற்றும் 4 ச.மி.மீ. ஆகியவையே நம் வட்டம். இவற்றோடு அழைப்பு மணி, எல்.இ.டி. பட்டை, ஸ்பீக்கர் போன்ற குறை மின்னழுத்தக் கம்பிகளையும் சேர்த்துக்கொள்வோம்.

2. பற்றாசின் இயல்பு

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும்; காரீயம் 327-இல் உருகும். இரண்டையும் எடைவிகிதத்தில் 63-க்கு 37 என்று கலந்தால் கலவை 183 டிகிரியிலேயே முழுவதும் உருகிவிடுகிறது. தன் கூறுகள் ஒவ்வொன்றையும்விடத் தாழ்ந்த ஒரே வெப்பநிலையில் முழுதும் உருகி, அதே வெப்பநிலையில் முழுதும் உறையும் கலவையை நல்லுருகு கலவை என்கிறோம். கடையில் அதிகம் புழங்கும் 60-க்கு 40 கலவை இதற்கு மிக அருகில் இருப்பது. அது 183-இல் இளகத் தொடங்கி 190-ஐ ஒட்டி முழுதும் நீர்மமாகும். இடைப்பட்ட அந்தச் சில டிகிரிகளில் கலவை நீர்மமுமின்றித் திண்மமுமின்றிக் களியாக இருக்கும். காரீயம் கூடக்கூட இந்தக் களிநிலை அகன்றுகொண்டே போகும். களிநிலையில் இருக்கும்போது கம்பி அசைந்தால் உள்ளே பிளவுகள் விழுந்து, மேற்பரப்பு மணல் தூவியது போல் சொரசொரப்பாகும். பற்றவைத்தவுடன் கையை எடுக்காதே என்று கற்றுக்கொடுப்பதன் காரணம் இதுதான்.

காரீயம் கலவாத பற்றாசுகளும் உண்டு. வெள்ளீயத்துடன் 0.7 விழுக்காடு செம்பு சேர்ந்தது 227 டிகிரியில் உருகும். 3 விழுக்காடு வெள்ளியும் 0.5 விழுக்காடு செம்பும் சேர்ந்தது 217 முதல் 220 டிகிரிக்குள் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பின் இவை பரவின. காரீயப் பற்றாசு இறுகியதும் பளபளக்கும். மற்றது சற்று மங்கலாகவே இறுகும். அந்த மங்கலைக் குறையென்று எண்ணி மீண்டும் மீண்டும் சூடேற்றுவோர் நல்ல இணைப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டு வயரிங்குக்கு முக்கியமான இரண்டு பண்புகள் இனித்தான் வருகின்றன. முதலாவது, மின்தடை. வெள்ளீய–காரீயப் பற்றாசின் மின்தடைத் திறன் செம்பைப்போல எட்டு ஒன்பது மடங்கு. எனவே மின்னோட்டம் பற்றாசின் வழியாகவே நெடுந்தொலைவு செல்லும்படி ஓர் இணைப்பை அமைப்பது தவறு. செம்பும் செம்பும் நெருங்கிப் படிந்திருக்க, இடையில் மெல்லிய ஏடாகப் பற்றாசு நிற்க வேண்டும். ஏடு மெலிந்திருந்தால் மின்தடை எட்டு மடங்காக இருப்பதனால் ஒரு தீங்கும் இல்லை.

இரண்டாவது, ஊர்வு. ஒரு திண்மம், தன் முறிவு வலிமைக்கு மிகக் குறைந்த அழுத்தத்தின் கீழேயே, காலம் செல்லச் செல்ல மெதுவாக உருமாறிக்கொண்டிருப்பதை ஊர்வு என்கிறோம். ஓர் உலோகம் எவ்வளவு ஊரும் என்பதை முன்கூட்டி மதிப்பிட எளிய வழி, அது இருக்கும் வெப்பநிலையை அதன் உருகுநிலையால் வகுத்துப் பார்ப்பது. இரண்டும் கெல்வின் அளவில் இருக்க வேண்டும். ஈவு 0.4-ஐத் தாண்டினால் ஊர்வைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். 30 டிகிரி அறையில் செம்புக்கு இந்த ஈவு 0.22. நல்லுருகு பற்றாசுக்கு 0.66. பி.வி.சி. வயருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலையான 70 டிகிரியில் அதே பற்றாசுக்கு ஈவு 0.75. ஆக, நம் வீட்டுச் சுவரில் சாதாரண நாளில் பற்றாசு இருக்கும் நிலை, உலை வெப்பத்தில் செம்பு இருக்கும் நிலைக்கு ஒப்பானது. பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். அழுத்தினால் நகர்ந்துகொண்டே இருக்கும்.

3. நனைவும் இளக்கியும்

உருகிய பற்றாசு செம்பின் மேல் துளியாக உருண்டு நிற்காமல் படர்ந்து ஒட்டுவது நனைவு. படரும் விளிம்பு செம்புப் பரப்போடு அமைக்கும் கோணம் சிறியதாயின் நனைவு நன்று. இதன் காரணம் வெறும் ஒட்டுதல் மட்டும் அன்று. உருகிய வெள்ளீயம் செம்பின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து, அதனோடு வினைபுரிந்து, இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய புதிய அடுக்கொன்றை உண்டாக்குகிறது. ஆறு செம்பு அணுக்களுக்கு ஐந்து வெள்ளீய அணுக்கள் என்ற விகிதம் அதில் முதன்மையானது. இந்த இடைச்சேர்மம் உருவானால்தான் பற்றவைப்பு நிகழ்ந்தது எனலாம். அதே இடைச்சேர்மம் மிகத் தடித்தால் எளிதில் உடையும். சூடு போதாமலும் கூடாது, அயர்னை வைத்துக்கொண்டே இருக்கவும் கூடாது என்ற இரட்டை எச்சரிக்கையின் வேர் இங்கே இருக்கிறது.

நனைவுக்கு இடையூறு ஆக்சைடு. அதைக் களைந்து, களைந்த பரப்பு மீண்டும் காற்றுப் படாதபடி மூடிவைக்கும் பொருள் இளக்கி. மின்வேலைக்கு உரிய இளக்கி ரோசின். இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் காடுகளில் பைன் மரத்தைக் கீறி வடிக்கும் பிசினிலிருந்து டர்பன்டைனை வாலையில் பிரித்தபின் எஞ்சுவது. குளிர்ந்த நிலையில் ரோசின் கண்ணாடிபோல் இறுகி, மின்சாரம் கடத்தாமல், செம்பைத் தீண்டாமல் இருக்கும். உருகினால் மட்டும் அதிலுள்ள அமிலங்கள் விழித்து ஆக்சைடைக் கரைக்கும். வேலை முடிந்ததும் மீண்டும் உறங்கிவிடும். மின்வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பொருளைத் தேடி எடுப்பது அரிது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைப் பயன்படுத்துகிறார்; குழாய் வேலைக்காரர் துத்தநாகக் குளோரைடு கலந்த பசையைப் பயன்படுத்துகிறார். இவை ரோசினைவிடக் கடுமையாக வேலை செய்பவை; பாத்திரத்துக்கு ஏற்றவை, ஏனெனில் பாத்திரத்தைக் கழுவிவிடலாம். 36 இழைகள் கொண்ட வயருக்குள் புகுந்த குளோரைடைக் கழுவ முடியாது. அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு செம்பைத் தின்னும். நாகப்பட்டினம், இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் இது விரைந்து நடக்கும். சில பருவங்கள் கழித்துத் திறந்தால் இன்சுலேஷனுக்கு உள்ளேயே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கடைக்காரர் எடுத்துத் தரும் பசை டப்பாவில் ரோசின் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது ஆகவே சிறிய காரியம் அன்று. நடுவில் ரோசின் ஓடும் சால்டர் கம்பியே இருந்தால் தனிப் பசை பெரும்பாலும் தேவைப்படாது.

4. பூச்சின் இரு வகை

வெள்ளீயம் பூசிய கம்பி என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் இரண்டு பொருள்கள் உள்ளன. தொழிற்சாலையில் ஒவ்வோர் இழையின் மேலும் தனித்தனியே மெல்லியதாக ஏற்றப்படுவதை இழைப்பூச்சு என்போம். வேலையிடத்தில் இழைகளை முறுக்கிச் சூடேற்றி, இடைவெளிகளெல்லாம் நிரம்பி ஒரே தண்டாகும்படி பற்றாசு ஏற்றுவதைக் கற்றைப்பூச்சு என்போம்.

இழைப்பூச்சுக்குப் பழைய வரலாறு உண்டு. பி.வி.சி. வருவதற்கு முன் வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் ஓடிய வயர்களின் உறை, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர். அந்தக் கந்தகம் செம்பை அரித்துக் கறுப்பாக்கும்; செம்பும் தன் பங்குக்கு ரப்பரைக் கெடுக்கும். இரண்டையும் பிரித்து வைக்கவே கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். பழைய வீட்டை இடிக்கையில் கிடைக்கும் வயரைச் சீவினால் வெள்ளியாக மின்னுவதும், அதை அலுமினியம் என்று மயங்குவதும் இன்றும் நடக்கிறது. கத்தியால் சுரண்டினால் உள்ளே செம்பு சிவக்கும். பி.வி.சி.யில் அந்தக் கந்தகம் இல்லாததால் இன்றைய வீட்டு வயரில் பூச்சு கிடையாது.

இழைப்பூச்சில் இழைகள் பிரிந்தே இருக்கின்றன; வளையும், நெளியும், அழுத்தினால் இடம் மாறி அடையும். கற்றைப்பூச்சில் இழை என்ற தன்மையே போய்விடுகிறது. ‘டின் பண்ணின வயர் டெர்மினலுக்கு நல்லது’ என்ற வாய்வழக்கு முதல் வகையைப் பற்றி உண்மை. இரண்டாம் வகைக்கு ஏற்றிச் சொன்னால் ஆபத்து. நாம் மேலே முனைப்பூச்சு என்று வரையறுத்தது இரண்டாவதையே.

5. முனைகளின் பாகுபாடு

கம்பியின் முனை சென்று சேரும் இடங்கள், பிடிப்பு எதனால் அமைகிறது என்பதைக் கொண்டு நான்காகின்றன. ஸ்க்ரூவோ ஸ்பிரிங்கோ கம்பியை நெருக்கிப் பிடிப்பது அழுத்தமுனை. சுவிட்ச், சாக்கெட், எம்.சி.பி., சீலிங் ரோஸ், லீவர் கனெக்டர் எல்லாம் இதில் அடங்கும். செம்புத் திட்டோ காதோ இருந்து, பற்றாசே பிடிப்பாக நிற்பது பற்றுமுனை, எல்.இ.டி. பட்டை, ஸ்பீக்கர், அழைப்பு மணியின் சுற்றுப்பலகை போன்றவை. கூர்த் தகடு இன்சுலேஷனை வெட்டிக்கொண்டு கம்பியைக் கவ்வுவது வெட்டுமுனை; இணையக் கேபிளின் சுவர் ஜாக் இதற்குச் சான்று. கம்பியும் கம்பியும் நேரே சேர்வது இடைப்பிணைப்பு.

வெட்டுமுனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உறை உரிக்காத மெல்லிய கம்பியே அதற்கு வேண்டும். அங்கே அயர்னுக்கு வேலையில்லை. டி.வி. கேபிளுக்கும் அவ்வாறே: அதன் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பாலித்தீன் நுரை சூட்டில் இளகிக் கம்பியின் நடுநிலை தவறிவிடும், எஃப் கனெக்டர் பற்றவைப்பின்றியே பொருந்துமாறு செய்யப்பட்டது. பற்றுமுனைக்கோ முனைப்பூச்சு இன்றியமையாதது. முன்பே பூசிய கம்பியும் முன்பே பூசிய திட்டும் ஒரு நொடியில் கூடிவிடும், திட்டு பட்டையிலிருந்து உரிந்துவராது. ஐயத்துக்கு இடமானவை அழுத்தமுனையும் இடைப்பிணைப்புமே. முதலாவதைத்தான் நாம் விரிவாக ஆராய வேண்டும்.

6. அழுத்தமுனையில் முனைப்பூச்சு கெடுக்கும் விதம்

ஒரு பவர் சாக்கெட்டின் பித்தளைத் துளைக்குள் 2.5 ச.மி.மீ. வயரைச் செருகி ஸ்க்ரூவை முடுக்குவதாகக் கொள்வோம். 0.3 மி.மீ. தடிமனுள்ள 36 இழைகள் ஸ்க்ரூவின் கீழே சரிந்து, பக்கவாட்டில் பரவி, துளையின் அடியில் படிகின்றன. ஒவ்வோர் இழையும் சற்று வளைந்து, வளைந்த வில்லாக ஸ்க்ரூவை மேல்நோக்கித் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தத் திருப்பு விசைதான் பிடிப்பு. மின்சாரம் பாய்வதும் இழைகள் பித்தளையைத் தொடும் எண்ணற்ற சிறு தொடுபுள்ளிகள் வழியாகத்தான். அழுத்தம் இருக்கும்வரை அவை காற்றுப் புகாமல் மூடியிருக்கும்.

இப்போது அதே முனைக்குக் கற்றைப்பூச்சு இட்டுச் செருகுவோம். முனை உருண்டையான தண்டாக இருப்பதால் ஸ்க்ரூவின் நுனி அதன் முதுகில் ஒரு சிறு வட்டத்தில் மட்டும் படும். முடுக்கும்போது மிக இறுக்கமாகவே தோன்றும். கையால் இழுத்துப் பார்த்தாலும் வராது. பூச்சு நல்லது என்ற நம்பிக்கை இந்த முதல் நாள் இறுக்கத்தினால்தான் பிழைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சிறு வட்டத்தில் குவிந்த அழுத்தத்தின் கீழ்ப் பற்றாசு ஊர்கிறது. நெருக்கம் உள்ள இடத்தைவிட்டு நெருக்கம் இல்லாத இடத்துக்கு நகர்கிறது. ஸ்க்ரூ நின்ற இடத்தில் நிற்க, அதன் அடியில் உலோகம் தாழ்கிறது. திருப்பித் தள்ள வில்லென வளைந்த இழை எதுவும் இல்லை. அழுத்தம் நாள்பட நாள்படக் குறைகிறது.

அடுத்த கட்டம் வெப்பச் சுழற்சி. காலையில் கீசர் ஓடும்போது முனை சூடாகி விரிகிறது. நின்றதும் குளிர்ந்து சுருங்குகிறது. வெப்பத்தால் விரியும் அளவு பற்றாசுக்குச் செம்பைவிடவும் பித்தளையைவிடவும் அதிகம். விரியும்போது அடைபட்ட இடத்தில் மேலும் ஊர்ந்து, சுருங்கும்போது முன்னைவிடச் சிறிதாகிறது. தொடுபுள்ளிகள் விலகி, காற்று புகுந்து, ஆக்சைடு படிந்து, தொடுதடை ஏறுகிறது.

அந்த ஏற்றத்தின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். தொடுதடை 0.1 ஓம் ஆகிவிட்டால், மின்னோட்டத்தின் வர்க்கத்தை அதால் பெருக்க, ஸ்க்ரூவின் அடியில் எழும் வெப்பம் சுமார் 7.5 வாட். 2.5 ச.மி.மீ. வயரில் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு இருக்க வேண்டிய மின்தடை ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது என்று பொருள். சுற்றுப்பலகை வேலைக்கு உதவும் சிறு சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் மூன்றிலொரு பங்கு வெப்பம், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், அரை மணி நேரம் எழுகிறது. சூடேற ஊர்வு விரைகிறது; ஊர்வு விரைய அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறையச் சூடு ஏறுகிறது. 183 டிகிரியை எட்டினால் பற்றாசு உருகி வழிந்து, ஸ்க்ரூவுக்கும் செம்புக்கும் இடையே வெறும் இடைவெளி நிற்கும்.

இதில் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. இந்தக் கேட்டின் எந்தக் கட்டத்திலும் எம்.சி.பி. விழாது. மின்னோட்டம் 8.7 ஆம்பியருக்கு மேல் ஏறவில்லை. சொல்லப்போனால் தொடுதடையால் சற்றே குறைந்திருக்கிறது. மின்கசிவும் இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் அசையாது. காவலுக்கு வைத்த இரண்டு கருவிகளும் தத்தம் விதிப்படி சரியாகவே உறங்குகின்றன. சாக்கெட்டின் முகம் பழுப்பேறுவதும், கருகல் வாடையும், பிளக்கைப் பிடுங்கும்போது அதன் கால்கள் கையைச் சுடுவதும்தாம் அடையாளம்.

வீட்டு மின்கருவிகளின் பாதுகாப்புக்கான உலகத் தரநெறி ஐ.இ.சி. 60335-1, தொடு அழுத்தத்துக்கு உள்ளாகும் இடத்தில் இழைக்கற்றையைப் பற்றாசால் ஒன்றாக்கக் கூடாது என்று விலக்கி, பற்றாசின் குளிர்நிலை ஊர்வால் தொடர்பு கெடாதவாறு முனை அமைக்கப்பட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு அளிக்கிறது. ஸ்பிரிங் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும் முனை அத்தகையது. ஊர்ந்து தாழ்ந்த அளவை ஸ்பிரிங் ஈடுசெய்துவிடும். சாதாரண ஸ்க்ரூ முனைக்கு அந்தத் திறன் இல்லை. அவ்வப்போது திறந்து ஸ்க்ரூவை முடுக்கினால் போதுமே என்று சிலர் வாதிடுவார்கள். வீட்டில் யார் அதைச் செய்வார்?

இழைகள் பிரிந்து நிற்பதைத் தடுக்கவே பூச்சு இட்டோம் என்பது நேர்மையான காரணம்தான். அதற்கு வேறு வழிகள் உள்ளன. ஃபெரூல் எனப்படும் மெல்லிய செம்புக் குழலை முனையில் மாட்டிக் கிரிம்பிங் கருவியால் நெரித்தால் இழைகள் அடங்கும். செம்பு மட்டுமே அழுத்தத்தைத் தாங்கும். குழலுக்குள்ளும் பற்றாசு கூடாது. நெரிப்பும் ஓர் அழுத்தமுனையே. ஃபெரூல் கிடைக்காத இடத்தில், துளைக்கு வயர் மெலிந்ததாக இருந்தால், முனையை இரட்டித்து மடித்துச் செருகலாம். ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் சுற்றும் வகையாயின், முடுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்க முடுக்க இழைகள் வெளியே பிதுங்கும்.

7. இடைப்பிணைப்பு

இடைப்பிணைப்பில் நிலைமை தலைகீழ். தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்கள் தொடக்கத்திலேயே கை பழகும் வேலைகளில் ஒன்று, கம்பி இணைப்புகளைச் செய்து பலகையில் அறைந்து காட்டுவது: ரேட் டெயில், டி ஜாயின்ட், ஒற்றைக் கம்பிக்கு வெஸ்டர்ன் யூனியன், தடித்த கம்பிக்குப் பிரிட்டானியா, இழைக்கம்பிக்கு மேரீட். இவற்றை உற்றுநோக்கினால் ஒவ்வொன்றும் பற்றாசு இல்லாமலே இழுவையைத் தாங்குமாறு அமைந்திருப்பது தெரியும். வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பிக்கு வகுக்கப்பட்டது. இழுக்க இழுக்க அதன் சுற்றுகள் இறுகும். மேரீட்டில் இரு கற்றைகளின் இழைகளையும் விரித்து, விரலுக்குள் விரலாகக் கோத்து, ஒவ்வொரு பக்கத்து இழையையும் மறுபக்கத்தின் மேல் நெருக்கமாகச் சுற்றுவார்கள்.

வலிமையை முறுக்கு தருகிறது. பற்றாசு தருவது வேறு. முறுக்கின் இடைவெளிகளுக்குள் அது நுண்புழையேற்றத்தால் புகுந்து, காற்றையும் ஈரத்தையும் நிரந்தரமாக வெளியேற்றுகிறது. தொடுபுள்ளிகள் ஆயுள் முழுவதும் ஆக்சைடு ஏறாமல் இருக்கின்றன. ஸ்க்ரூ போன்ற வெளி அழுத்தம் எதுவும் இல்லாததால் ஊர்வு இங்கே பெரிதாகத் தலைகாட்டுவதில்லை. அமெரிக்க மின்விதித்தொகுப்பு, பற்றவைக்கும் இணைப்பு முதலில் பற்றாசின்றியே இயந்திர உறுதியும் மின்னுறுதியும் பெற்றிருக்க வேண்டும், பின்னரே பற்றவைக்க வேண்டும் என்று வரிசையை வகுத்துச் சொல்கிறது. மூத்த எலக்ட்ரீஷியன்களின் கூற்றில் உள்ள உண்மை இதுவே. அவர்கள் கற்ற காலத்தில் வயரிங் என்றால் பெரும்பாதி இடைப்பிணைப்பு.

ஒரு வரம்பையும் குறித்துவைப்போம். குறுக்குச்சுற்று நேரும்போது கம்பி ஒரு கணம் மிகச் சூடேறும். பற்றவைத்த இணைப்புள்ள கம்பிக்கு அந்தக் கண வெப்ப வரம்பாகக் கொள்ளப்படுவது 160 டிகிரி. சாதாரண பி.வி.சி. உறைக்கும் அதே 160 டிகிரிதான் வரம்பு என்பதால் பி.வி.சி. வயரில் இழப்பில்லை. 250 டிகிரி வரை தாங்கும் எக்ஸ்.எல்.பி.இ. உறை போட்ட கேபிளில் பற்றவைத்தால் அந்தக் கூடுதல் தாங்குதிறனைக் கைவிட்டவராவோம்.

குழாய்க்குள் ஓடும் வயரில் இடைப்பிணைப்பே கூடாது, பற்றவைத்தாலும் கூடாது. திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸே அதற்குரிய இடம்.

8. செயல்முறையின் கட்டங்கள்

மெயினை நிறுத்தி, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே எதுவும். உறையை உரிக்கும்போது கத்தியை வட்டமாக அழுத்திச் சுற்றக் கூடாது, 0.3 மி.மீ. இழையில் ஒரு கீறல் பட்டால் அது பிறகு ஒடியும். ஸ்ட்ரிப்பர் இருந்தால் நல்லது. உரித்த செம்பு சிவந்து பளிச்சென்று இருக்க வேண்டும். பழைய வயரில் கறுத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து நிறம் வரச்செய்க. ரோசின் அந்தக் கறுப்பை வெல்லாது.

இங்கு வேலைக்குரிய அயர்ன் 60 வாட்டாவது இருக்கட்டும். இன்சுலேஷன் உருகாமலிருக்கச் சிறிய அயர்னே பாதுகாப்பு என்று எண்ணுவது இயல்பு, நடப்பதோ மாறானது. செம்பு வெப்பத்தை விரைந்து கடத்திச் சென்றுவிடும். 25 வாட் அயர்ன் முனையைப் பற்றாசு உருகும் சூட்டுக்குக் கொண்டுவரத் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், வெப்பம் கம்பி வழியே உள்ளே ஓடிப் பி.வி.சி.யைச் சுருக்கி விரலளவு பின்னுக்குத் தள்ளிவிடும். பெரிய அயர்ன் ஓரிரு நொடியில் வேலையை முடித்து விலகும்.

அயர்னின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, அதில் ஒரு துளி சால்டரை ஏற்றுக. அந்தத் துளி, நுனிக்கும் கம்பிக்கும் நடுவே வெப்பம் கடக்கும் பாலம். நுனியைக் கம்பியின் அடியில் வைத்து, சால்டர் கம்பியை மேற்புறத்தில் தொடுக. அயர்னின் மேல் உருக்கி வழியவிடுவதே பழக்கமாகிப்போனவர்கள் பலர். அப்படிச் செய்தால் ரோசின் செம்பை அடையும் முன் புகைந்து போகும். உருகிய உலோகம் குளிர்ந்த செம்பின் மேல் நனைவின்றிக் குமிழாக உட்காரும். இதைக் குளிர்ப்பற்று என்போம். பட்டறையில் ட்ரை சால்டர். செம்பு தானே சால்டரை உருக்கும் சூட்டை அடைந்ததும், உருகியது இழைகளுக்கிடையே சட்டென்று இழுத்துக்கொள்ளப்படுவது கண்ணுக்குத் தெரியும். பூச்சுக்கு அடியில் ஒவ்வோர் இழையின் வரையும் துலங்கினால் அளவு சரி. இழை தெரியாமல் வீங்கியிருந்தால் மிகை.

உருகியது இன்சுலேஷனுக்கு உள்ளேயும் ஏறும். அங்கே வளையும் கம்பியும் விறைத்த கம்பியும் ஒரு கோட்டில் சந்திக்கும். அசைவு முழுவதும் அந்தக் கோட்டில் குவிந்து, இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். உறைக்கு வெளியே இரண்டு மி.மீ. செம்பைப் பூசாமல் விட்டு, அந்த இடத்தில் நோஸ் பிளேயரால் பிடித்துக்கொண்டால், பிளேயரின் தாடை வெப்பத்தை உறிஞ்சி ஏற்றத்தை நிறுத்தும். அசையும் கருவிகளின் வயருக்கு இது கட்டாயம். அயர்னை எடுத்த பின் வாயால் ஊதாமல் தானே ஆறவிட வேண்டும்; ஊதும் மூச்சு கம்பியை அசைத்துவிடும்.

தடித்த கேபிளின் லக்குக்கு அயர்ன் போதாது. இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் 12 வோல்ட் கேபிளில் அறுபது ஆம்பியருக்கு மேலும் ஓடக்கூடும். அங்கே வெறும் 0.005 ஓம் தொடுதடையும் 18 வாட் வெப்பம் எழுப்பும். முன்பெல்லாம் இரும்புப் பானையில் ஈயத்தை உருக்கிக் கரண்டியால் மொண்டு, லக்கின் மேல் ஊற்றி, வழிவதைக் கீழே இன்னொரு கரண்டியில் ஏந்தி, லக் தானே சூடேறி நிரம்பும்வரை திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். இன்று நெரிப்புக் கருவி அந்தப் பானையை ஓரங்கட்டிவிட்டது. இதில் நமக்கு வருத்தமில்லை. சரியான தாடையால் நெரித்த லக் சிறந்தது.

புகையைப் பற்றி ஒரு தவறான அச்சமும் ஒரு தவறான அசட்டையும் உண்டு. அயர்னின் சூட்டில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவுக்கு ஆவியாவதில்லை. எழும் புகை ரோசினுடையது. ஆனால் ரோசின் புகை ஆஸ்துமாவுக்குக் காரணமாவது தொழில் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டதே. காற்றோட்டம் வேண்டும். காரீயம் உடலுக்குள் செல்வது கை வழியாக. சால்டர் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரு கைகளாலும் வேலை செய்வதும், கை கழுவாமல் டீ குடிப்பதும் விலக்கத்தக்கவை.

9. முன்பே பூசிய முனைகளைத் திருத்துதல்

பழைய சுவிட்ச் போர்டைத் திறக்கையில் ஸ்க்ரூவின் கீழே கற்றைப்பூச்சு இட்ட முனைகள் கிடைத்தால் என்ன செய்வது? விளக்கு, மணி போன்ற சிறு சுமைக்கு உரியவற்றில் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு மூடுவோரும் உண்டு. அரை ஆம்பியர் சுமையில் எழும் வெப்பம் புறக்கணிக்கத்தக்கது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரி. எனினும் போர்டு திறந்திருக்கும்போதே அதையும் வெட்டிவிடுவது ஐந்து நிமிட வேலை என்பதால், நாம் அந்தச் சலுகையைப் பரிந்துரைக்கவில்லை. கீசர், ஏ.சி., இண்டக்ஷன் அடுப்பு ஆகியவற்றின் முனைகளில் சலுகைக்கே இடமில்லை. பூசிய பகுதி முழுவதையும், உறைக்குள் ஏறிய பகுதியையும் சேர்த்து வெட்டி எறிந்து, புதிதாக உரித்த செம்பை ஃபெரூலுடனோ இல்லாமலோ செருக வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை விரல் காட்டிவிடும்: உறையோடு சேர்த்து வளைத்துப் பார்த்தால், விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடம் தெரியும். சாக்கெட்டின் துளை உட்புறம் கறுத்திருந்தால் சாக்கெட்டையும் மாற்றுக. சூடேறிய ஸ்க்ரூவும் பித்தளையும் பழைய இறுக்கத்தைத் தாங்கா.

வெட்டியதால் வயர் முனைக்கு எட்டாமல் போவதுண்டு. குழாயிலிருந்து இழுத்தால் சில வேளை ஓர் அங்குலம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அதே தடிமனுள்ள துண்டு வயரைப் போர்டின் பெட்டிக்குள்ளேயே இடைப்பிணைப்பாகச் சேர்த்து நீட்டலாம். முறுக்கிப் பற்றவைத்து மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றுவதும் முறையே. சுமைக்கேற்ற லீவர் கனெக்டரில் இரு முனைகளையும் பூச்சின்றிச் செருகுவதும் முறையே. பெட்டியில் இடம் குறுகலாக இருந்து, அயர்னின் நுனி பக்கத்து வயரின் உறையைத் தீய்க்கும் என்று தோன்றினால் இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.